கேட்டோடு நின்ற கால்வாய்

ஓரிக்கை ஊருக்குப் பக்கத்து வயலில் மண் கொட்டி மேடாக்கி மனை போட்டிருக்கிறார்கள். அனுமதி வாங்கியபோது தெருமுனை வரை கால்வாய் கட்டித்தர ஒப்புக்கொண்ட கம்பெனி, தன் கேட்டோடு நிறுத்திக்கொண்டது. மேட்டில் பெய்கிற மழையெல்லாம் கலாவதி வீட்டுத் தறிப் பள்ளத்தில் இறங்குகிறது. மிதிபலகை மூழ்கிவிட்டது, தறியில் நீட்டிக் கட்டிய அரக்குப் பட்டு நூல் பாவைத் தண்ணீர் தொட இன்னும் ஒரு சாண்தான். கொழுந்தன் தணிகாசலம் தண்ணீர் இறைக்கும் மோட்டாரோடு வருகிறான். "வழி வுடு அண்ணி, பாவு நனையப் போவுது." சுவரில் பிளக் மாட்டும் இடத்தை முதுகால் மறைத்து நிற்கிறாள் கலாவதி. "போன மழைக்கு உங்க அண்ணனும் இதத்தாம்பா சொன்னாரு." ஈரத்தில் பிளக்கை மாட்டும்போது மின்சாரம் தாக்கி அவள் கணவர் விழுந்து இறந்தது இதே தரையில்தான். "அப்போ கையால மொண்டு ஊத்தச் சொல்றியா? மனைக்காரன் ஊட்டு மழையே இங்கதான் வந்துக்கினு இருக்குது!" அவள் நகரவில்லை. அவன் மோட்டாரை வைத்துவிட்டு வாளியை எடுக்கிறான். மொண்டு மொண்டு வாசலில் வீசுகிறான். வீசிய தண்ணீர் படியைத் தாண்டி, அவனுக்கு முன்னால் திரும்பி உள்ளே வருகிறது.