பொட்டுக் காந்தம்

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிவிட்டது. அந்த ஃபிரேம் கடையில் நடந்ததை வேறு எப்படிச் சொல்வது என்று கைராசிக்குத் தெரியவில்லை.

கைராசி என்பது முதலாளி அவளுக்கு வைத்த பேர். பழைய துணிகளைச் சட்டத்துக்குள் நிறுத்துவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஊசி குத்தக்கூடாது, பசை படக்கூடாது. பலகைமேல் மெல்லிய இரும்புத் தகடு, அதன்மேல் துணி, துணிமேல் பொட்டு அளவு காந்தம். அந்தந்த இடத்துப் பூ என்ன நிறமோ, அதே நிறத்தைக் காந்தத்தின் தலையிலும் தீட்டிவிடுவாள். "காந்தம் எங்கேன்னு கண்டுபிடிங்க, கடையையே எழுதித் தரேன்" என்று முதலாளி வருகிறவர்களிடம் பந்தயம் கட்டுவார்.

கைராசி பிரசவம் முடிந்து கடைக்குத் திரும்பியபோது பக்கத்து மேசையில் புதிதாகச் சேர்ந்த குருவி உட்கார்ந்திருந்தாள். கீச்சுக்கீச்சென்று ஓயாமல் பேசுவதால் குருவி.

கைராசிக்கு வீட்டில் துணைக்கு ஆள் இல்லை. குழந்தையைக் காலடியில் பாய் விரித்துப் போட்டுக்கொண்டு வேலை பார்க்க முதலாளி விட்டதே பெரிது. கொஞ்ச காலம் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு ஒருநாள் அவர், "இனிமே பொட்டு வேலையை குருவி பார்க்கட்டும். நீ பின்னட்டை ஒட்டு" என்றார். ஏன் என்று கேட்டதற்குத் தொண்டையைக் கனைத்துவிட்டுப் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து கைராசிக்கு வயிறு எரிந்தது. குருவி சிரித்தால் எரிந்தது. தும்மினாலும் எரிந்தது. போதாக்குறைக்கு அவள் நிமிஷத்துக்கு ஒருதரம் வந்து குழந்தையைத் தூக்கி, கையை விரித்துப் பார்த்துக் கொஞ்சுவாள். வேலையைப் பிடுங்கியாகிவிட்டது, அடுத்தது பிள்ளையா?

கண்காட்சிக்குப் போக வேண்டிய பூவேலைச் சால்வை ஒன்று வந்தது. அதுவும் குருவிக்கே. பாதி முடிந்திருந்ததை முதலாளி குனிந்து பார்த்தார்.

"பரவாயில்லையே. உனக்கும் கைராசிதான்."

அந்த ஒரு வார்த்தைதான். குருவி கை கழுவப் போன நேரம், அவள் டப்பாவிலிருந்து இரண்டு காந்தங்கள் கைராசியின் பைக்குள் போயின. சாயங்காலம் சால்வையை வாங்க வருவார்கள். முழிக்கட்டும்.

குருவி வந்தாள். டப்பாவைப் பார்த்தாள். எண்ணினாள். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. நேராகப் பாய்க்கு ஓடி, குழந்தையை வாரி எடுத்து வாய்க்குள் விரலை விட்டாள். குழந்தை வீறிட்டது.

"பிள்ளையை விடுடி" என்றாள் கைராசி.

"அக்கா, ரெண்டு பொட்டைக் காணோம். இவ முழுங்கியிருந்தா உள்ளே போய் ஒண்ணை ஒண்ணு இழுக்கும்க்கா. நடுவுல மாட்டுறது குடல். ஓட்டையே போட்டுடும். செருப்பை மாட்டுங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

சொல்லும்போதே குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் இறங்கி, வருகிற வண்டிக்கெல்லாம் கை காட்டினாள். கைராசி வாசல்வரை ஓடி நின்றாள். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால், பெற்ற பிள்ளையை ஒன்றுமில்லாததற்கு ஊசி, மருந்து என்று யாரோ புரட்டி எடுப்பார்கள்.

"போக வேண்டாம். என் பையிலதான் இருக்கு."

குருவி வாய்க்கு வந்தபடி திட்டுவாள் என்று கைராசி காத்திருந்தாள். அவளோ படியிலேயே பொத்தென்று உட்கார்ந்து, குழந்தையின் சட்டையில் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நல்லவேளை" என்றாள். திரும்பவும், "நல்லவேளைக்கா."

முதலாளிதான் வாய் திறந்தார். "உனக்கு நான் என்ன குறை வெச்சேன்?"

"என் வேலையைப் பிடுங்கி இவகிட்டே குடுத்தீங்களே. அதைவிட என்ன குறை வேணும்?"

"நானா குடுத்தேன்? பாப்பா தவழ ஆரம்பிச்சிடுச்சு, காந்தத்தையெல்லாம் என் மேசைக்கு மாத்திடுங்கன்னு இவதான் வந்து நின்னா."

"என்கிட்டே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லக்கூடாதுன்னுட்டா. பிள்ளையால கடைக்குத் தொந்தரவுன்னு நினைச்சு நீ வேலையை விட்டு நின்னுடுவியாம்." முதலாளி சால்வையைப் பார்த்தபடி சொன்னார். "பாப்பா வளர்ந்ததும் பொட்டு வேலையை அக்காவுக்கே திருப்பிக் குடுத்துடணும்னு என்கிட்டே சத்தியம் வாங்கிட்டுத்தான் முதல் காந்தத்தையே தொட்டா."