மாடித் தோட்டத்து மோட்டார்

பள்ளிக்கூட மொட்டை மாடியில் மண்ணில்லாத தோட்டம் ஒன்று போட்டார்கள். குழாய்களுக்குள் வேர்விட்டிருந்த கீரைகளுக்கும் புதினாவுக்கும் தண்ணீர் ஏற்றுவது மோட்டாரின் வேலை. பிள்ளைகள் கீரையைப் பார்த்துப் பூரித்துப்போவார்கள். மோட்டாரை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கீரைகளாவது ஒரு நல்ல வார்த்தை சொல்லக் கூடாதா என்று அதற்கு மனத்தாங்கல்.

ஒரு விடுமுறை நாளில் வீம்பாக நின்றுவிட்டது. கெஞ்சிக் கூப்பிட்டால் ஓடலாம் என்று காத்திருந்தது. வெயில் ஏறியும் மேலிருந்து சத்தமே வரவில்லை. பயந்துபோய் ஓடத் தொடங்கியது. புதினா மட்டும் லேசாக அசைந்தது.

"ஒரு குரல் குடுத்திருக்கலாமே?" என்றது மோட்டார்.

"உனக்கு உடம்புக்கு முடியலையோன்னு நினைச்சோம். 'தொந்தரவு பண்ணாதே, பாவம், கொஞ்சம் படுத்திருக்கட்டும்'னு கீரைங்கதான் சொல்லுச்சு."

மோட்டார் அன்று முழுக்க நிற்காமல் ஓடியது. கீரைகளின் காய்ந்த வேர்களைத் தொட்டுவிட்டுத் தண்ணீர் அப்படியே திரும்பி வந்துகொண்டிருந்தது.