அவரைப் பந்தலில் தொங்கிய அரிவாள்

சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் நாளைக்கு எனக்குச் சோறு கிடைக்காமல் போகட்டும்.

புதுத் தோட்டத்தில் அவரை தழைத்ததே தவிரப் பூக்கவில்லை. மார்கழி பிறந்தால் வெட்டிவிடுவேன் என்று மிரட்டி, தோட்டக்காரர் பந்தலில் அரிவாளைத் தொங்கவிட்டார்.

ஐப்பசி மழையில் அரிவாள் துருவேறி மொக்கையாகிவிட்டது. தோட்டக்காரர் கையில் எடுத்துப் பார்த்தாரென்றால் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவாரே!

"பூக்கிறியாடி, இல்லே ஒரே வெட்டா வெட்டட்டுமா?" என்று அரிவாள் அவரையை அதட்டியது.

"பனி இறங்கட்டும்ண்ணே."

கார்த்திகையும் கழிந்தது. "தாயே, ஒரே ஒரு பூ!" என்று அரிவாளே கெஞ்சியது.

மார்கழி பிறந்தது. அரிவாளை எடுக்கக் கை நீட்டிய தோட்டக்காரர், பனியில் நனைந்த கொடியில் ஊதாப் பூவைக் கண்டார்.

"பயந்து பூத்திருக்கு! அரிவாள் அங்கேயே தொங்கட்டும்."

அவர் தலை மறைந்ததும் அரிவாள் அவரையிடம் சொன்னது: "அந்தப் பயம் இருக்கட்டும்!"

நான் சொன்னதாக யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அந்த அரிவாளுக்கு ரோஷம் அதிகம்.