பரசுராமன் வைத்த பாக்கி

"அவன் கடையில பூட்டு தொங்கணும் சார். அதை என் கண்ணால பாக்கணும்."

வேணு பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். வக்கீல் சந்திரமோகன் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"பொறுங்க வேணு. மலேசியாவுல கோர்ட்டு கூடினதும் நம்மளைக் கூப்பிடுவாங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கோவப்படக் கூடாது."

"கோவப்படாம? ஆறு லட்ச ரூபா சரக்கு சார்!"

பொதட்டூர்பேட்டைத் தறிகளில் லுங்கி வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புவது வேணுவின் தொழில். மலேசியாவில் கிள்ளான் நகரில் துணிக்கடை வைத்திருக்கும் பரசுராமன், அவருக்கு இருபது வருஷ வாடிக்கை. பூர்வீகம் பள்ளிப்பட்டு. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் காவடி எடுக்க வந்தால் வேணு வீட்டில்தான் சாப்பாடு.

அப்படிப்பட்டவர் கடைசியாக அனுப்பிய சரக்குக்குப் பணம் தரவில்லை. கேட்டால், "கொஞ்சம் பொறு வேணு, தந்துடறேன்" என்பார். ரெண்டு வருஷமாக அதே பதில்.

"வெளிநாட்டுக் கோர்ட்டுக்குப் போனா கைக்காசும் போயிடும்" என்று ஊரே தடுத்தது. வேணு கேட்கவில்லை. சந்திரமோகன் மூலமாகக் கிள்ளானில் ஒரு வக்கீலைப் பிடித்து, ஃபீஸ் கட்டி, வழக்குப் போட்டுவிட்டார். திருத்தணியில் சந்திரமோகன் ஆபீஸில் இருந்தபடியே வீடியோவில் சாட்சி சொல்ல அனுமதியும் கிடைத்தது. இன்று விசாரணை.

பின்னால் நாற்காலியில் மனைவி தமயந்தி உட்கார்ந்திருந்தாள்.

"உன்னை யாரு வரச் சொன்னது? வீட்ல இருன்னு சொன்னேன் இல்ல?"

"பிரஷர் மாத்திரை போட்டுக்க மறந்துடுவீங்க" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

திரையில் கோர்ட் தெரிந்தது. மேலே நீதிபதியம்மா. கீழே வேணுவின் கிள்ளான் வக்கீல், ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர். கூண்டில் பரசுராமன். தனக்கென்று வக்கீல்கூட வைத்துக்கொள்ளாமல் வந்திருந்தார்.

வேணு முதலில் சாட்சி சொன்னார். பில்லைக் காட்டினார். பரசுராமன் முறை வந்தது. நீதிபதியம்மா கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

"சரக்கு வந்து சேர்ந்துச்சா?"

"வந்துச்சுங்க."

"அதுல குறை ஏதும் இருந்துச்சா?"

"ஒண்ணும் இல்லைங்க. நல்ல சரக்கு."

"அப்புறம் ஏன் பணம் குடுக்கல?"

பரசுராமன் கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"வாயில இன்னா வெச்சிருக்கான்? என் வீட்டுச் சோறு தின்னுட்டு, என்னையே ஏமாத்திகினு நிக்கிறான் பாருங்க! திருடன்!" வேணு எகிறினார்.

சந்திரமோகன் அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

பரசுராமன் அசையாமல் நேராகப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"நல்லா யோசிச்சு சொல்லுங்க" என்றார் மொழிபெயர்ப்பாளர், நீதிபதியம்மா பேசி முடித்ததும். "தீர்ப்பு உங்களுக்கு எதிரா வந்தா, வட்டி, செலவு எல்லாம் சேர்ந்துடும். கட்டலேன்னா கடைச் சரக்கை ஜப்தி பண்ணலாம். பேங்க்ல போட்டீங்களா, கையில குடுத்தீங்களா, வேற யாருகிட்டயாச்சும் குடுத்தீங்களா?"

பரசுராமன் திரையை உற்றுப் பார்த்தார்.

"இல்லைங்க. யாருகிட்டயும் குடுக்கல."

"கடவுள்மேல சத்தியம் பண்ணியிருக்கீங்க."

"தெரியுங்க."

வேணு தொடையில் தட்டினார். "கேட்டீங்களா சார்? அவன் வாயாலயே வந்துடுச்சு!"

நீதிபதியம்மா எழுதத் தொடங்கினார்.

பின்னால் நாற்காலி சாய்ந்து விழுந்தது. தமயந்தி ஓடிவந்து லேப்டாப்பின் முன்னால் நின்றாள்.

"அம்மா! எழுதாதீங்கம்மா! அவரு பொய் சொல்றாரு. பணத்தை அப்பவே குடுத்துட்டாரு. என் கையிலதான் குடுத்தாரு."

"ஏய், இன்னா உளர்றே?" வேணு எழுந்துவிட்டார்.

"நெசந்தாங்க. நீங்க சரக்கு பாக்க ஈரோடு போயிருந்தீங்க. கிருத்திகைக்கு வந்தவரு, பள்ளிப்பட்டு நிலத்தை வித்த காசுல உங்க பாக்கியைக் கொண்டாந்து மொத்தமா என்கிட்ட குடுத்தாரு. அன்னிக்குன்னு கல்பனா போன் பண்ணா. அவ புள்ளைக்கு இதயத்துல ஆபரேஷன், பணம் கட்டினாத்தான் ஆச்சுன்னு அழுதா. அப்படியே தூக்கிக் குடுத்துட்டேன்."

கல்பனா அவள் தங்கை. வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டவள். 'அவ பேச்சை எடுத்தா நீயும் அங்கேயே போயிடு' என்று வேணு ஒரேயடியாகச் சொல்லியிருந்தார்.

"ரெண்டு மாசத்துல எப்படியாச்சும் திருப்பி வெச்சுடறேன், அதுவரைக்கும் அவருகிட்ட சொல்லாதீங்கண்ணான்னு கால்ல விழுந்தேன். என்னால முடியல. அண்ணன் இன்னிக்கு வரைக்கும் வாயைத் திறக்கவே இல்ல. சொன்னா நீங்க என்னை வீட்ல வெச்சுக்க மாட்டீங்கன்னு..."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மொழிபெயர்ப்பாளர் தாழ்ந்த குரலில் நீதிபதியம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். வேணு மேஜையைப் பிடித்தபடி நின்றார். ஒரு வார்த்தைதான் கேட்டார்.

"பொழைச்சுதா?"

"ஆங். இஸ்கூலுக்குப் போறான்."

நீதிபதியம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கூண்டின் பக்கம் திரும்பினார்.

"அந்த அம்மா சொல்றது உண்மையான்னு கேக்கிறாங்க" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

ஏமாற்றுக்காரன், திருடன் என்ற பேச்சுக்கெல்லாம் நிமிர்ந்தே நின்ற பரசுராமன், இப்போதுதான் கையும் களவுமாகப் பிடிபட்டவரைப் போலத் தலையைக் குனிந்துகொண்டார்.