நாற்பத்தொன்று

பதினைந்து வருடம் சாலையிலும் அரங்கத் தடத்திலும் சைக்கிள் பந்தயம் ஓட்டிய ரெஜினாவுக்குத் தூத்துக்குடியில் பிரிவுபசார விழா. அவளுடைய பழைய வெற்றிகளைப் பெரிய திரையில் ஓட்டினார்கள். இப்போதெல்லாம் பழைய படத்தைக் கொடுத்தால் போதும், எந்த நொடியில் யார் உடம்பில் எவ்வளவு பலம் மிச்சமிருந்தது என்று கருவி கணக்கிட்டு, தலைக்கு மேலே எண்ணாகக் காட்டிவிடும்.

ஆசியப் போட்டியின் கடைசி மலையேற்றம் வந்தது. பின்னால் வரும் ரெஜினாவின் பலம் வீணாகாமல் எதிர்க்காற்றைத் தான் தாங்கிக்கொண்டு முன்னால் போன அணித்தோழி இசக்கியம்மாள் திரும்பி, "ஒரு நிமிசம் முன்னால வாட்டி, என்னால முடியல" என்று கெஞ்சினாள்.

"எனக்கும் காலு செத்துப்போச்சு" என்றாள் ரெஜினா.

இசக்கியின் தலைக்கு மேல் நூற்றுக்கு நான்கு. ரெஜினாவின் தலைக்கு மேல் நாற்பத்தொன்று.

கைதட்டல் நின்றுபோனது. உச்சிக்குச் சற்று முன்னால் இசக்கி சுருண்டு விழ, ரெஜினா தாண்டிப் போய்த் தங்கம் வென்றாள். அன்று இதயம் பழுதான இசக்கி பிறகு சைக்கிளே ஏறவில்லை. இப்போது முதல் வரிசையில் பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தாள்.

ரெஜினா மேடையிலிருந்து இறங்கி அவளிடம் போனாள்.

"இசக்கி, நான்..."

"எனக்கு அன்னைக்கே தெரியும்ட்டி. பின்னால உன் மூச்சு சீராத்தான கேட்டுச்சு."

"பொறவு ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"வருசா வருசம் பொங்கலுக்கு எங்க வீட்டுக்கு வந்தியே" என்றாள் இசக்கி. "இந்தத் தடவ சொல்லிருவ, இந்தத் தடவ சொல்லிருவன்னு இருந்தேன்."