முதல் ருசி சுவாமிக்கு

"நைவேத்தியம் ஆகறவரைக்கும் நாக்குல வச்சுப் பார்த்துடாதேடி. அண்ணாமலையாரைத் தொட்டுப் பூஜை பண்ற குடும்பம் நம்மது" என்றாள் மாமியார் கனகாம்பாள்.

காமேஸ்வரி தலையாட்டினாள். கல்யாணமாகி வந்தபின் அவள் தனியாகச் செய்யும் முதல் சமையல், பத்திரிகையில் பார்த்த அன்னாசிப்பழ சாஸ். பழத்தை அரைத்துக் கொதிக்கவிட்டு, கெட்டியானதும் இறக்கி வைத்துவிட்டு, வாழையிலை நறுக்கக் கொல்லைப் பக்கம் போனாள். தீப்பெட்டி எடுக்க மாமியாரும், தண்ணீர் குடிக்க மாமனார் நமசிவாயமும், எதற்கென்றே தெரியாமல் கணவன் சுந்தரேஷும் சமையலறைக்குள் போய்வருவது அங்கிருந்தே தெரிந்தது.

நைவேத்தியம் முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

"தித்திப்பு ரொம்ப அளவா இருக்கும்மா!" என்றார் மாமனார்.

"ருசியே பார்க்காம எப்படிடி?" என்று வியந்தான் சுந்தரேஷ். மாமியார்கூடப் பூரிக்கு இன்னொரு கரண்டி கேட்டாள்.

உச்சி குளிர்ந்துபோய் உள்ளே போன காமேஸ்வரி, கையில் ஒரு கிண்ணத்தோடு திகைத்துப்போய்த் திரும்பி வந்தாள்.

"அம்மா, சாஸுக்குன்னு எடுத்து வச்ச சர்க்கரை அப்படியே இருக்கு. நான் போடவே மறந்துட்டேன். அப்புறம் எப்படித் தித்திக்கறது?"

மூவரும் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள்.

"புளிச்சுதேன்னு டப்பாலேர்ந்து ஒரு ஸ்பூன்தான்..." என்று இழுத்தான் சுந்தரேஷ்.

"நீயுமாடா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள் கனகாம்பாள்.

நமசிவாயம் மெல்லப் பூஜை அறைப் பக்கம் திரும்பிக் கைகூப்பினார்.

"அண்ணாமலையாரே, இன்னிக்கு உமக்கு நாலாம் பந்தி!"