இடது முட்டி

மருத்துவர் சிறுமியின் வலது காலை மடக்கி, மெல்லத் திருப்பி, நீட்டினார். முட்டிக்குள் 'டக்' என்றது.

பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயரே சொடக்கு. இப்போது வீட்டிலும் அதுதான்.

அம்மா நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. ஆனால் தையல் கம்பெனியில் நாள் முழுக்க நின்று இஸ்திரி போடுகிறவள். உட்கார்ந்தால் மறுபடி எழுந்திருக்க மனசு வராது என்று அவளுக்குத் தெரியும்.

அப்பா உள்ளே வரவில்லை. வெளியே பெஞ்சில், மகளின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நீயே போய்க் கேட்டுட்டு வா. எப்படி ஆச்சுன்னு கேப்பாங்க. என் வாயால சொல்ல வராது" என்றுவிட்டான்.

கிடங்கில் அறுபது கிலோ மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்குகிறவன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு வயதுக் குழந்தையாக இருந்த இவளை மாடிப்படியில் கைதவற விட்டுவிட்டான். வலது முட்டி வீங்கிப்போனது.

அன்றிலிருந்து தினமும், வேலை விட்டு வந்த கையோடு, அந்த முட்டிக்கு எண்ணெய் போட்டு உருவிவிடுகிறான். காய்ச்சலில் கிடந்த நாளிலும் தவறியதில்லை. காய்த்துப்போன உள்ளங்கை. "உப்புத்தாள் வெச்சுத் தேய்க்கிற மாதிரி இருக்குப்பா" என்பாள் சொடக்கு. ஆனாலும் காலை நீட்டிக்கொடுப்பாள்.

அம்மா அன்று நடந்ததைச் சொல்லிக்காட்டாத சண்டை கிடையாது. அவன் ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை.

எல்லாவற்றையும் அம்மா மருத்துவரிடம் சொன்னாள். ஒன்றை மட்டும் விட்டுவிட்டாள்.

மருத்துவர் இடது காலையும் மடக்கி நீட்டினார்.

'டக்.' சத்தம் சின்னதுதான். ஆனால் அதே சத்தம்.

ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு பிறையை வரைந்தார். பக்கத்தில் ஒரு முழு வட்டம். முட்டிக்குள் மெத்தை மாதிரி இருக்கிற ஜவ்வு மற்றவர்களுக்குப் பிறை வடிவம், இவளுக்கு மட்டும் தடித்த வட்டம் என்றார். ஓடியாடுகிறபோது நசுங்கி ஓரம் கிழிந்திருக்கிறது. அதனால்தான் வீக்கம். அதனால்தான் கால் நீட்ட முடியாமல் பூட்டிக்கொள்கிறது. சின்னச் சின்னத் துளை போட்டு, உள்ளே கேமராவை விட்டு, வட்டத்தைப் பிறையாகச் செதுக்கிக் கிழிசலைத் தைத்துவிடலாம். சில வாரம் ஊன்றுகோல், அப்புறம் பயிற்சி. வலியில்லாத இடது காலை இப்போதைக்குத் தொட வேண்டாம்.

"கீழ விழுந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. பிறக்கும்போதே இப்படித்தான். இல்லன்னா அடிபடாத காலும் ஏன் சொடக்கு போடுது?"

அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

விழுந்த அன்றைக்கு இடது முட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. அவள்தான் துடைத்துப் பார்த்தவள்.

எழுந்திருக்க நேரம் பிடித்தது. மகளைக் கூட்டிக்கொண்டு கதவை எட்டுவதற்குள் முடிவு செய்துவிட்டாள். சொல்லிவிட வேண்டும். காலமெல்லாம் மூட்டை சுமக்கிறவன், இந்த ஒன்றையாவது இறக்கி வைக்கட்டும்.

அப்பா எழுந்து நின்றான். மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. மகளின் முட்டியைத்தான் பார்த்தான்.

"என்ன சொன்னாங்க?"

"சின்ன ஆபரேஷன்தான். சரியாயிடுமாம்."

"எதனாலயாம்?"

அம்மா வாயைத் திறந்தாள்.

"விழுந்ததாலதாம்ப்பா," என்றாள் சொடக்கு. "ஆனா தைச்சிடலாமாம்."

அவன் தலையாட்டினான். குனிந்து அவளுக்குச் செருப்பை மாட்டிவிட்டான். அப்படியே திரும்பி முதுகைக் காட்டிக் குந்தினான். அவள் தொற்றிக்கொண்டாள்.

"மூட்டையே தேவலை. என்ன கனம் கனக்கிற."

சொடக்கு அவன் தோளில் முகவாயை வைத்தபடி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. பார்வையை எடுக்கவும் இல்லை.

அம்மா வாயை மூடிக்கொண்டாள்.

நேராகப் போனால் பஸ் நிறுத்தம் ஐந்து நிமிடம். அவன் இடதுபக்கம் திரும்பி, சந்தையைச் சுற்றிக்கொண்டு போகிற வழியில் நடந்தான். கால் கடுக்க அம்மா பின்னால் போனாள்.

நேர்வழியில் ஒரு சாராயக் கடை இருக்கிறது. குழந்தை கைநழுவிய அன்று அப்படி ஒரு கடையிலிருந்துதான் அவன் வீட்டுக்கு வந்திருந்தான். ஒன்பது வருஷமாக எந்தத் தெருவிலும் அப்படி ஒரு வாசல் பக்கமே அவன் போனதில்லை.